ரெண்டு போடு போட்டா சரியாயிடுமா?

கேள்வி: மேடம், என் பையனுக்கு ரெண்டரை வயசு. அவன்கிட்டேர்ந்து போனை வாங்கினா போதும், கையில கிடைச்சதைத் தூக்கி எறியறான், என்னை அடிக்கறான், தரையில புரண்டு அழறான். ரெண்டு போடு போட்டா சரியாயிடும்ங்கறார் வீட்டுக்காரர். குழந்தையை அழ விடாதே, குடுத்துத் தொலைங்கறாங்க மாமியார். யார் சொல்றதைக் கேக்கறது? - ஒரு வாசகி

பதில்: ரெண்டுமே வேணாம்மா. அவன் வேணும்னே உங்களைச் சீண்டலை, ஒண்ணரை வயசுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் இந்த ஆர்ப்பாட்டம் பெரும்பாலான குழந்தைங்ககிட்ட இருக்கும், ஆசை மட்டும் மலையாட்டம் வந்துடுது, சொல்ல வார்த்தை வரலை, கோவத்தை அடக்கற மூளையோட முன்பகுதியோ 20 வயசு தாண்டியும் வளர்ந்துட்டு இருக்கற சமாச்சாரம்.

அடிச்சா அந்த நிமிஷம் அடங்குவான்தான், ஆனா பயத்துல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2018-ல அடி, திட்டு, அவமானப்படுத்தறது எதுவும் வேணாம்னு சொல்லிடுச்சு, ஸ்வீடன்ல 1979-லயே பெத்தவங்க அடிக்கறதுக்கு சட்டத்துல தடை.

அதுக்குன்னு மாமியார் வழியும் சரியில்ல. அழுதா போன் வரும்னு தெரிஞ்சா அழத்தானே செய்வான்? அதுலயும் ஒருநாள் குடுத்து ஒருநாள் மறுக்கறது ரொம்ப மோசம், இன்னிக்குக் கிடைச்சாலும் கிடைக்கும்னு விடாம மல்லுக்கட்டுவான்.

அஞ்சு நிமிஷம்னா அவனுக்குப் புரியாது, "இந்தப் பாட்டு முடிஞ்சதும் அம்மாகிட்ட குடுக்கணும்"னு முன்னாடியே சொல்லி வைங்க. கை ஓங்கினா கையைப் பிடிச்சு, அவன் உசரத்துக்கு உக்காந்து, "அடிக்க விடமாட்டேன்", அவ்வளவுதான், லெக்சர் எல்லாம் அப்போ காதுலயே ஏறாது. எறியற சாமானை எடுத்து மேல வெச்சுட்டுப் பக்கத்துலயே இருங்க, அழட்டும். அடங்கினதும் தூக்கிக் கொஞ்சலாம், போன் மட்டும் வரக்கூடாது. முதல் சில நாள் அழுகை இன்னும் ஜாஸ்தியாகும், அங்கதான் முக்காவாசிப் பேர் கையை விரிச்சுடறாங்க. என்னிக்காவது பேசாம போனைக் குடுத்தான்னா உடனே பாராட்டுங்க, இதை நாம சுத்தமா மறந்துடறோம்.

டைம் அவுட்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, குழந்தையைக் கொஞ்ச நேரம் ஒரு ஓரமா அமைதியா உக்கார வைக்கறது, அதுக்கு மூணு வயசாகட்டும், ஒரு வயசுக்கு ஒரு நிமிஷம்ங்கற கணக்கு போதும், ரூம்ல போட்டுப் பூட்டறதுக்குப் பேர் டைம் அவுட் இல்ல. தன்னையே காயப்படுத்திக்கிட்டாலோ, பேச்சு சரியா வரலைன்னாலோ குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

பையன் தூங்கினப்புறம் மூணு பேரும் உக்காந்து போன் எப்போ, எவ்வளவு நேரம்னு முடிவு பண்ணுங்க. சாப்பிடறப்போ உங்க வீட்டுக்காரர் கையில இருக்கற போனையும் சேர்த்துப் பேசிடுங்க.