சரளமாகப் பேச வராதவர்களுக்கு மார்க்கெட்டிங்கில் இடம் உண்டா? பெங்களூரில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

பி.காம் முடித்து பெங்களூரில் கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கிறீர்கள், மார்க்கெட்டிங்குக்கு மாற ஆசை, ஆனால் கூச்ச சுபாவம், எம்.பி.ஏ.வும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும், உனக்கு எதற்கு இது" என்று வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் பேசி நடக்கும் வேலை மார்க்கெட்டிங்கில் ஒரு ஓரம்தான். மற்றதெல்லாம் கணக்கு, எழுத்து, பொறுமை. ஷிஃப்ட் வேலை, மடிவாளா பக்கம் ஒரு பி.ஜி. அறை, வாரக் கடைசியில் மட்டும் சொந்த நேரம் என்று உங்கள் நிலைமையை நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் விளம்பரங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' என்று வரும் விளம்பரங்களில் பெரும்பகுதி விற்பனை வேலை. டூ வீலரும் லைசென்ஸும் கட்டாயம், பெட்ரோல் அலவன்ஸ் உண்டு, டார்கெட்டுக்கு மேல் இன்சென்டிவ் என்று இருந்தால் அது ஃபீல்ட் சேல்ஸ். கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. பிஸ்கட், சோப்பு, எண்ணெய் கம்பெனிகளில் பீட் (கடை கடையாகப் போகும் அன்றாடப் பாதை) போட்டு தினமும் முப்பது நாற்பது கடை ஏறி இறங்கியவருக்குத்தான் எந்த ஸ்கீம் கடைக்காரரிடம் எடுபடும், எது எடுபடாது என்று தெரியும். அங்கிருந்து ஏரியா மேனேஜர், டிரேட் மார்க்கெட்டிங் (கடைக்காரர்களை நோக்கிய மார்க்கெட்டிங்) என்று மேலே போகலாம். ஆனால் கர்நாடகத்தில் அதற்குக் கன்னடம் வேண்டும். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் தமிழை வைத்து ஓட்டலாம், துமகூரில் முடியாது. சேரும் முன்பு சம்பளத்தில் நிலையான பங்கு எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது சி.ஆர்.எம். மார்க்கெட்டிங். ஏற்கெனவே வாங்கியவரைத் திரும்ப வாங்க வைக்கும் வேலை இது. எஸ்.எம்.எஸ்., ஈமெயில், வாட்ஸ்அப், ஆப் நோட்டிஃபிகேஷன் நான்கும் இதில் அடங்கும். யாருக்கும் போன் செய்ய வேண்டாம். யாருக்கு, எப்போது, என்ன அனுப்புவது என்று தீர்மானிப்பதுதான் தொழில். கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார் என்ற மூன்றையும் வைத்து வாடிக்கையாளர்களைப் பிரிக்கத் தெரிய வேண்டும். எக்செல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும், தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் செலக்ட், வேர், குரூப் பை, ஜாயின் வரைக்கும் வந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

இந்த வேலையின் நுணுக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் கம்பெனி எஸ்.எம்.எஸ். அனுப்ப தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் கம்பெனியின் பெயர், ஹெடர் (அனுப்புநராகத் தெரியும் பெயர்), டெம்ப்ளேட் (செய்தியின் மாதிரி வாசகம்) எல்லாம் பதிவாக வேண்டும். பதிவு செய்த டெம்ப்ளேட்டுக்கும் அனுப்பும் வாசகத்துக்கும் பொருந்தாமல் போனால் ஆபரேட்டர் செய்தியை நிறுத்திவிடுவார். அவசரத்தில் யாராவது வாசகத்தை லேசாகத் திருத்தியிருப்பார்கள், பண்டிகை ஆஃபர் ஒருவருக்கும் போய்ச் சேராது. அடுத்தது தமிழ்ச் செய்தியின் செலவு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழ் யூனிகோட் என்பதால் 70தான், அதைத் தாண்டினால் பகுதிக்கு 67. அதிலும் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் ஏழு. ஆக 150 குறி நீளமுள்ள தமிழ்ச் செய்தி மூன்று எஸ்.எம்.எஸ்.ஸாகக் கணக்காகும். ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினால் மூன்று லட்சம் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு பில் வரும். தமிழ்ச் செய்தியை 70 குறிக்குள் அழகாக எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு என்று சொல்வது இதனால்தான்.

அடுத்து பிராடக்ட் மார்க்கெட்டிங். கோரமங்களா, எச்.எஸ்.ஆர். லே-அவுட் பக்கம் சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிகள் நிறைய. அங்கே புதிய வசதி ஒன்று வந்தால் அது யாருக்கு, ஏன், போட்டியாளரிடம் இல்லாத எது இதில் இருக்கிறது என்று வெப்சைட்டுக்கும் சேல்ஸ் டீமுக்கும் எழுதித் தருபவர் இவர்தான். சப்போர்ட்டில் இருப்பவருக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. வாடிக்கையாளர் எந்த இடத்தில் குழம்புகிறார், எந்த வார்த்தையில் குறை சொல்கிறார் என்பது உங்களிடம்தான் இருக்கிறது. கடந்த சில மாத டிக்கெட்டுகளைக் காரணவாரியாகப் பிரித்து, முதல் ஐந்து காரணங்களுக்கும் அரைப் பக்கம் விளக்கம் எழுதி உங்கள் கம்பெனியின் மார்க்கெட்டிங் டீமிடம் காட்டுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் நீக்கிவிடுங்கள், அந்தத் தாள் கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது. வெளியே தேடுவதைவிட உள்ளேயே டீம் மாறுவது எப்போதும் சுலபம்.

பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங்தான் இன்று அதிகம் பேர் ஓடும் இடம். கூகுளிலும் மெட்டாவிலும் காசு கொடுத்து விளம்பரம் ஓட்டுவது. பட்டனை அழுத்தத் தெரிந்தவர்கள் ஏராளம், கணக்குப் போடுபவர்கள் குறைவு. 590 ரூபாய்க்கு ஒரு பொருள் விற்கிறீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. போக 500. பொருளின் அடக்கம் 200, பேக்கிங், கூரியர் 80, பேமென்ட் கேட்வே 10. மிச்சம் 210. இப்போது 10,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டுகிறீர்கள். ஒரு கிளிக் 8 ரூபாய் என்றால் 1,250 பேர் வருவார்கள். நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கினால் 25 ஆர்டர். டேஷ்போர்டில் விற்பனை 14,750, ரோவாஸ் (விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு வந்த விற்பனை) 1.475 என்று காட்டும், எல்லோரும் கை தட்டுவார்கள். உண்மையில் கைக்கு வந்தது 5,250, போனது 10,000, நஷ்டம் 4,750. நஷ்டமில்லாமல் நிற்க வேண்டுமென்றால் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்குவது ஏறக்குறைய நான்காக வேண்டும், அல்லது கிளிக் விலை 4 ரூபாய் 20 காசுக்கு இறங்க வேண்டும். கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வரும் பார்சல்களை நான் இதில் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கை இன்டர்வியூவில் தாளில் போட்டுக் காட்டுங்கள், பேச்சு தேவைப்படாது.

கூகுளில் காசு வீணாகும் இடங்களும் தெரிந்தவைதான். ஜெயநகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு சர்ச் விளம்பரம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்ற தளங்களிலும் விளம்பரம் காட்டுவது) டிக் ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். லொகேஷனில் அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்ந்தே வருவார்கள், அதனால் கோவையில் உட்கார்ந்து பெங்களூரைத் தேடுபவருக்கும் விளம்பரம் போகும். ஊரில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்ற வேண்டும். தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் பிராட் மேட்ச் கீவேர்டில் பல் மருத்துவப் படிப்பு, சம்பளம், வேலை தேடுபவர்கள் எல்லாம் வந்து கிளிக் செய்வார்கள். மக்கள் என்ன தேடி வந்தார்கள் என்று காட்டும் சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையைத் தொடக்கத்தில் தினமும் பார்த்து 'காலேஜ்', 'சம்பளம்', 'வேலை', 'இலவசம்' போன்றவற்றை நெகட்டிவ் கீவேர்டில் (விளம்பரம் காட்டக் கூடாத சொற்கள்) போடுங்கள். அப்பாயின்ட்மென்ட் படிவத்துக்கு கன்வர்ஷனை (விளம்பரம் பார்த்தவர் நாம் எதிர்பார்த்ததைச் செய்து முடிப்பது) ஒரு கிளிக்குக்கு ஒன்று என்று வையுங்கள். இல்லாவிட்டால் நன்றிப் பக்கத்தை ஒருவர் ரெஃப்ரெஷ் செய்தாலும் இன்னொரு நோயாளி வந்ததாகக் காட்டும். மெட்டாவில் வேறு சிக்கல். ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே இலக்குக் கூட்டத்துக்கான விளம்பரத் தொகுப்பு) வாரத்துக்குச் சுமார் 50 கன்வர்ஷன் வந்தால்தான் அது யாருக்குக் காட்டுவது என்று கற்கும் கட்டத்தைத் தாண்டும். மேலே சொன்ன பொருளில் ஒரு ஆர்டருக்கு 400 ரூபாய் விளம்பரச் செலவு, அப்படியானால் வாரத்துக்கு 20,000 ரூபாய். தினம் 300 ரூபாயை நான்கு ஆட் செட்டாகப் பிரித்தால் எதுவும் எதையும் கற்காது.

பழகுவதற்குச் செலவே இல்லை. கூகுள் ஸ்கில்ஷாப்பிலும் ஹப்ஸ்பாட் அகாடமியிலும் பாடமும் சான்றிதழும் இலவசம். கூகுள் அனலிடிக்ஸில் டெமோ அக்கவுன்ட் இருக்கிறது, உண்மையான கடையின் தரவை அதில் புரட்டிப் பார்க்கலாம். 2023 ஜூலையில் பழைய அனலிடிக்ஸ் நின்று ஜி.ஏ.4 வந்துவிட்டது, இன்னும் பழைய திரைகளைக் காட்டிப் பாடம் எடுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்று எழுதியிருந்தால் கடந்த பேட்ச்சில் யார் யார் எந்த வேலையில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள், மூன்று பேரிடம் நேரில் பேசுங்கள்.

எஸ்.இ.ஓ. (காசு கொடுக்காமலே கூகுள் தேடலில் மேலே வர வைப்பது), கன்டென்ட் வேலைகளில் பொறுமைசாலிகள் நிலைப்பார்கள். உங்கள் பெயரில் ஒரு சிறிய தளம் தொடங்கி, கூகுளின் சர்ச் கன்சோலில் இணைத்து, எந்தத் தேடலுக்கு எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று ஆறு மாதம் கவனித்தால் அதுவே உங்கள் ரெஸ்யூம்.

கேட்காததைச் சொல்கிறேன், மன்னிக்கவும். தமிழ்நாட்டுக்கு என்று வரும் விளம்பரங்களில் எத்தனை இந்தியிலிருந்து இழுத்து ஒட்டியவை! உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பொங்கலுக்கு ஆஃபர் என்பார்கள், பின்னால் நிற்பவர்கள் ஹோலிப் பொடி பூசியிருப்பார்கள். விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்பவர்கள், தமிழ் வாசகம் எழுதுபவருக்கு வார்த்தைக்கு இத்தனை பைசா என்று பேரம் பேசுகிறார்கள். அந்தக் கூலிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வார்த்தைக் கணக்கு வேண்டாம், வேலைக்கு இவ்வளவு என்று கேளுங்கள்.

ஒரு பிராண்டை முழுதாகப் பார்த்துக்கொள்ளும் பிராண்ட் மேனேஜ்மென்ட் வேலை பற்றிச் சுருக்கமாக. பெரிய நுகர்பொருள் கம்பெனிகள் இதற்குப் பெரும்பாலும் எம்.பி.ஏ. கல்லூரி கேம்பஸிலிருந்துதான் ஆள் எடுக்கின்றன. அதுதான் வேண்டுமென்றால் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி ஒரு நல்ல எம்.பி.ஏ., அல்லது அகமதாபாத் மைக்கா போன்ற இடம் பார்க்க வேண்டும். எம்.பி.ஏ. வீண் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்த ஒரு கதவுக்கு அது சாவி, மற்ற கதவுகள் அது இல்லாமலும் திறக்கும் என்றுதான் சொல்கிறேன்.

இன்டர்வியூவில் அசைன்மென்ட் தருவார்கள். இரண்டு மூன்று மணி நேர வேலை என்றால் செய்து கொடுங்கள். மூன்று மாதத்துக்கான முழு கேம்பெய்ன் பிளானும், கீவேர்டு பட்டியலும், விளம்பர வாசகங்களும் கேட்டால் அது தேர்வு இல்லை, ஓசி வேலை. அணுகுமுறையை இரண்டு பக்கத்தில் பி.டி.எஃப். ஆக அனுப்பி, மீதியை வேலையில் சேர்ந்த பிறகு செய்கிறேன் என்று ஈமெயிலில் எழுதுங்கள். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா" என்பார்கள். ஆறு மாதம் கழித்து என் வேலையை எந்த எண்ணை வைத்து அளப்பீர்கள் என்று கேளுங்கள். லீட் (வாங்கக்கூடும் என்று விசாரித்தவர்) எண்ணிக்கை, ரிபீட் ஆர்டர், சேல்ஸ் டார்கெட் என்று எதைச் சொல்கிறார்களோ, நீங்கள் சேரப்போவது அந்த வேலைக்குத்தான், ஆஃபர் லெட்டரில் பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும்.