கஞ்சா, துப்பாக்கி, ஒரு படிவம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டென்வரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ராணுவ வீரர், எழுபதை நெருங்குகிறார். முதுகுத்தண்டில் பழைய காயம். வலிக்காக மருத்துவக் கஞ்சா அட்டை வாங்கியிருக்கிறார். ராத்திரி படுக்கும் முன் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். போன மாதம் கைத்துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போனபோது என்னையும் கூப்பிட்டார். கடைக்காரர் கொடுத்த படிவத்தை மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தவர், கஞ்சா பற்றிய கேள்வி வந்ததும் நின்றுவிட்டார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு "வா, போகலாம்" என்றார். வரும் வழியெல்லாம் பேசவில்லை. அவர் அப்பா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கி ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருப்பதாகப் படித்தேன். கஞ்சா எடுக்கிறவர் கையில் துப்பாக்கி என்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதில் உரிமை என்று பேச என்ன இருக்கிறது? அப்படியே இருந்தாலும், அவர் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)
டென்வர், நவம்பர் 2025

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் எனக்கும் உண்டு. துப்பாக்கியை நேசிக்கிறவன் இல்லை நான். ஆனாலும் இந்த விஷயத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம்தான் நிற்கிறேன்.

நம் ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் என்பது அரசாங்கம் பார்த்துக் கொடுப்பது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு 'துப்பாக்கி உரிமை' என்ற சொல்லே விசித்திரமாகத் தெரியும். அமெரிக்காவில் அது அரசியலமைப்பில் 1791-ல் சேர்த்த இரண்டாவது திருத்தத்திலேயே இருக்கிறது. அது தனிமனிதரின் உரிமைதான் என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி ஒரு உரிமை வேண்டுமா என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் உரிமை என்று ஆகிவிட்ட பிறகு, அதைப் பறிக்கிறவர்தான் காரணம் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காரணம் எவ்வளவு மெலிந்தது என்று பாருங்கள். 1968-ஆம் வருடத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துகிறவரோ அதற்கு அடிமையானவரோ துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மீறினால் இப்போது 15 ஆண்டுவரை சிறை. 24 மாநிலங்களில் பெரியவர்கள் கஞ்சா எடுத்துக்கொள்வது மாநிலச் சட்டப்படி குற்றமில்லை. உங்கள் கொலராடோ 2012-லேயே வாக்கெடுப்பில் அனுமதித்த மாநிலம். ஆனால் ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், 1970-லேயே கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான தடை உள்ள முதல் அட்டவணையில் வைத்துவிட்டது. அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்து, மாநில அரசே அட்டை கொடுத்திருந்தாலும் உங்கள் நண்பர் ஃபெடரல் கணக்கில் சட்டவிரோதமாகப் பயன்படுத்துகிறவர்தான். அவர் பார்த்துக்கொண்டே நின்ற அந்தக் கேள்வியின் கீழேயே இதைத் தடித்த எழுத்தில் எச்சரிக்கையாக அச்சடித்திருப்பார்கள். படிவம் 4473 என்று பெயர்.

அந்தப் படிவத்தில் மதுவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தினமும் ராத்திரி ஒரு பாட்டில் விஸ்கியைக் காலி செய்கிறவர் ஒரு பொய்கூடச் சொல்லாமல் அதை நிரப்பிவிட்டுத் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போகலாம். முதுகு வலிக்கிறது, தூக்கம் வேண்டும் என்று கொஞ்சம் கஞ்சா எடுக்கிற கிழவர் போக முடியாது. நெவாடாவில் ஒரு பெண் அட்டை மட்டும் வைத்திருந்தார். அது தெரிந்த கடைக்காரர் துப்பாக்கி விற்க மறுத்தார். 2016-ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மறுப்பு சரிதான் என்றது.

எந்த நிமிடத்துப் போதையைச் சட்டம் பார்க்கிறது என்பதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. மிசிசிப்பியில் 2022-ல் நம்பர் பிளேட் இல்லை என்று ஒரு வண்டியை நிறுத்துகிறார்கள். உள்ளே ஆஷ்ட்ரேயில் புகைத்துப்போட்ட கஞ்சாத் துண்டுகள், கூடவே குண்டு போட்ட இரண்டு துப்பாக்கிகள். மாதத்தில் பதினாலு நாள் புகைப்பேன் என்று அந்த மனிதரே சொல்கிறார். அன்றைக்குப் போதையில் இருந்தாரா? யாரும் சோதிக்கவில்லை. வழக்குக்கு அது தேவைப்படவும் இல்லை. ஏறக்குறைய நாலு வருட சிறைத்தண்டனை விழுந்தது. 2023 ஆகஸ்டில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது.

தள்ளியதற்குக் காரணம் உச்ச நீதிமன்றம் 2022-ல் தந்த ப்ரூயன் தீர்ப்பு. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் அமெரிக்காவின் பழைய சட்ட மரபில் அதற்கு ஒப்பான ஒன்றைக் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த முறையே எனக்கு ஒப்பாது. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆட்களின் பழக்கவழக்கத்தை வைத்து இன்றைக்கு யார் ஆபத்தானவர் என்று முடிவெடுப்பது நியாயமான வழி இல்லை. ஆனால் அந்த வழியில் தேடிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது முக்கியம். குடித்திருக்கும்போது சுடாதே, குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு நடமாடாதே என்று பழைய சட்டங்கள் இருக்கின்றன. 1655-லேயே வர்ஜீனியாவில் குடிக்கும் இடத்தில் சுடக் கூடாது என்று போட்டார்கள். குடிப் பழக்கம் இருக்கிறது என்பதற்காகவே ஒருவருடைய வீட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகச் சொன்ன சட்டத்தை மட்டும் காட்ட முடியவில்லை. அது குடியே இல்லாத காலமும் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனே மவுன்ட் வெர்னனில் விஸ்கி வடித்து விற்றவர்.

அரசுத் தரப்பிலும் வாதம் இருக்கிறது, அதை ஒதுக்க மாட்டேன். ஊர்சுற்றிகளையும் மொடாக்குடியர்களையும் அடைத்துவைக்க அந்தக் காலத்தில் சட்டங்கள் இருந்தன, அடைக்கவே முடியும் என்றால் ஆயுதத்தை எடுக்கக் கூடாதா என்கிறார்கள். இது நிரந்தரத் தடை இல்லை, பழக்கத்தை விட்டால் உரிமை திரும்ப வந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். அப்புறம் உச்ச நீதிமன்றத்தின் 2024 ரஹிமி தீர்ப்பு: பிறர் உயிருக்கு அபாயமானவர் என்று தெரிந்தால் அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கலாம் என்று எட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பை நானும் மனதார வரவேற்றேன். ஆனால் அங்கே ஒரு நீதிமன்றம் அந்தக் குறிப்பிட்ட மனிதர் என்ன செய்தார் என்று பார்த்து, அதற்குப் பிறகு உத்தரவு போட்டது. உங்கள் நண்பரை யார் பார்த்தார்கள்? வலி இருக்கிறவரிடம் பழக்கத்தை விடு, உரிமை வரும் என்பது மருந்தை விடு என்று சொல்வதுதானே? அவர் போதையில் துப்பாக்கியைத் தொட்டால் கடுமையாகத் தண்டியுங்கள். அப்படிப்பட்ட சட்டத்தை முதல் ஆளாக ஆதரிப்பேன். தூங்கப் போகும்போது என்ன எடுத்துக்கொள்கிறார் என்பதை வைத்து ஆளையே ஆபத்தானவர் பட்டியலில் சேர்ப்பது வேறு.

நீங்கள் படித்தது ஹெமானி வழக்காக இருக்கும். டெக்சாஸ் வழக்கு அது. வீட்டில் சோதனை போட்டபோது கைத்துப்பாக்கியும் கஞ்சாவும் கிடைத்தன. உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் அதை எடுத்துக்கொண்டது. துப்பாக்கி உரிமைக்குக் காவலன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ட்ரம்ப் அரசுதான் இந்தத் தடை வேண்டும் என்று மேல்முறையீட்டுக்குப் போனது.

இனி, 'இல்லை' என்று டிக் அடிப்பது பற்றி. கூடவே கூடாது. அந்தப் பொய் தனிக் குற்றம், பத்து வருடம்வரை உள்ளே வைக்கலாம். முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன் 2018-ல் டெலவேரில் ரிவால்வர் வாங்கும்போது அந்த 'இல்லை'யைத்தான் டிக் அடித்தார். அவருடைய பழக்கம் கஞ்சா இல்லை, கோகைன். துப்பாக்கி அவர் கையில் இருந்தது பதினோரு நாள். 2024 ஜூனில் மூன்று குற்றச்சாட்டிலும் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அதிபராக இருந்த தந்தை டிசம்பரில் மன்னிப்பு வழங்கியதால் தண்டனை அனுபவிக்கவில்லை. உங்கள் நண்பருக்கு அந்த வழி கிடையாது. பேனாவைக் கீழே வைத்தது ரொம்பச் சரி.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நண்பர் அன்பாக நீட்டினாலும் கஞ்சாவைத் தொட்டுவிடாதீர்கள். கொலராடோவில் அது குற்றமில்லை என்றாலும், நாளைக்கு நீங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பார்ப்பார்கள். மாநிலம் அனுமதித்த கஞ்சாவும் அதற்குத் தடையாகலாம் என்று குடிவரவுத் துறை 2019-லேயே எழுத்தில் சொல்லியிருக்கிறது.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று அந்த வேட்டைத் துப்பாக்கி. இந்தச் சட்டம் வாங்குவதை மட்டும் தடுக்கவில்லை, வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. அப்பா கொடுத்தது, முப்பது வருடமாகச் சுவரில் தொங்குகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. அவரிடம் இன்றைக்கே பேசுங்கள். அதை எங்கே, யாரிடம் கொடுத்து வைப்பது என்று அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும். அந்த வயதில் தனியாகப் போகத் தயங்குவார், நீங்களும் கூடப் போங்கள்.