கொழுந்தன் ஓட்டுற பக்கிக்கு மாசம் 3,400 ரேண்ட்

கேள்வி: அக்கா, நாங்க தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். எனக்கு 34 வயசு, ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் போறாங்க. இப்ப நினைக்காம எட்டு வாரம் முழுகாம இருக்கேன். எனக்கு பிடிப்பெல்லாம் போறதுக்கு முன்னாடி சம்பளம் 13,000, கைக்கு 11,500 வருது, அவருக்கு கைக்கு 12,000. வீட்டு லோன், சாப்பாடு, ஸ்கூல், கரண்ட் எல்லாம் சேர்த்து 19,500 ஆகுது. கொழுந்தனுக்காக என் பேர்ல லோன்ல எடுத்த பக்கிக்கு (பின்னாடி சாமான் ஏத்துற சின்ன வண்டி) 3,400. ஒரு வருஷமா மாசாமாசம் 3,000 லோன் எடுத்து சம்பளத்தன்னிக்கு 3,600 கட்டி, திரும்ப 3,000 எடுக்குறேன். இந்த நிலைமையில இன்னொரு பிள்ளை எப்படி? கலைக்கவும் மனசு வரல. என் கஸின் குழந்தைக்கு எஜுகேஷன் பாலிசியும் ஹாஸ்பிடல் கேஷ் பிளானும் இப்பவே போடுன்றார். என்ன செய்யட்டும்?

பதில்: உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன் தங்கச்சி. பெத்துக்கறதா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன், மாமியாரும் கொழுந்தனும் சொல்லவும் கூடாது, அது உங்க உடம்பு உங்க முடிவு. ஆனா காசுதான் முடிவு பண்ணுதுன்னு நினைக்கிறீங்களே, அந்த காசுக் கணக்கையே தப்பா போட்டு வச்சிருக்கீங்க, அதை மட்டும் சரி பண்ணிக்கலாம்.

ரெண்டு பேரும் சேர்ந்து 23,500 கொண்டு வர்றீங்க, வீட்டுக்கு 19,500 போக மிச்சம் 4,000. அதுல பக்கிக்கு 3,400, அந்த சின்ன லோனுக்கு வட்டியும் ஃபீஸும் 600, அவ்ளோதான் தீர்ந்துச்சு. வர்ற பிள்ளைக்கு இடமில்லன்னு சொல்ற அந்த 4,000 முழுசா இன்னொருத்தர் வண்டிக்கும் லோன் கடைக்கும் போகுது. வெறும் 3,000 ரேண்ட் கடனுக்கு வருஷத்துக்கு 7,200 கட்டியும் அந்த 3,000 அப்படியே நிக்குது பாருங்க, எனக்கு வயிறு எரியுது. நீங்க கலைச்சாலும் இந்த ரெண்டும் போகாது, பெத்துக்கிட்டாலும் போகாது. அதனால முதல்ல இதை எடுத்துப் போட்டுட்டு அப்புறம் பிள்ளையைப் பத்தி யோசிங்க.

பக்கியை ஓட்டுறது யாரா இருந்தாலும் பேங்குக்கு நீங்கதான் கடன்காரி. இந்த வாரமே செட்டில்மென்ட், அதாவது கடனை மொத்தமா முடிக்க எவ்ளோன்னு எழுத்துல கேளுங்க, கேட்டா அவங்க சொல்லியே ஆகணும். கொழுந்தன் வேலை செட்டாகட்டும்னு சொல்றதெல்லாம் போதும், அடுத்த தவணைக்கு முன்னாடி பணம் உங்க அக்கவுன்ட்டுக்கு வரணும், வரலன்னா பேங்கை கேட்டுக்கிட்டு வண்டியை வெளில வித்து அடைக்கிறது. கோபத்துல சாவியை பேங்க்ல குடுத்துட்டு வந்துடாதீங்க, அவங்க ஏலத்துல கம்மி விலைக்கு வித்துட்டு மீதி கடனை உங்ககிட்டதான் கேப்பாங்க. இதை உங்க வீட்டுக்காரர் அவர் தம்பிகிட்ட சொல்லணும், நீங்க சொல்லி நீங்க கெட்ட பேர் வாங்க வேணாம்.

பக்கி தவணை நின்னுச்சுன்னா பெத்துக்கற கணக்கு இப்படி வரும். இன்னும் ஏறக்குறைய ஏழு மாசம், மாசம் 4,000ன்னா 28,000, அதுல 3,600 போட்டு அந்த லோனை முடிச்சா மிச்சம் 24,400. நாலு மாசம் மெட்டர்னிட்டி லீவ் சட்டத்துல உண்டு, ஆனா சம்பளம் குடுக்கணும்னு முதலாளிக்கு கட்டாயம் இல்ல. உங்க சம்பளத்துல யூஐஎஃப் (வேலை போனாலும் பிரசவ லீவ்லயும் பணம் குடுக்கற அரசு நிதி) பிடிச்சிருந்தா 66 சதவீதம், அதாவது மாசம் 8,580 வரும், கைக்கு வர்றதுல சுமார் 3,000 குறையும், நாலு மாசத்துக்கு 12,000. யூஐஎஃப் பணம் சொன்ன நாள்ல வரும்னு நம்பி இருக்காதீங்க, அதுக்கும் சேர்த்துதான் அந்த 24,400. அதுக்கப்புறம் நாப்பி, பால், கிரீச் எல்லாம் மாசம் 4,000க்குள்ள அடங்கணும், இழுபறியாதான் இருக்கும்னு இப்பவே சொல்லிடுறேன். சாசா குழந்தை கிராண்ட், அதாவது அரசு குடுக்கற குழந்தை உதவித்தொகை, உங்க ரெண்டு பேர் வருமானத்துக்கு கிடைக்காது, அதை சேர்க்காதீங்க.

வேணாம்னு முடிவு பண்ணா அதுக்கும் செலவைப் பார்த்து பயப்பட வேணாம். 1996 சட்டப்படி 12 வாரம் வரைக்கும் நீங்க கேட்டாலே போதும், புருஷன் கையெழுத்து தேவையில்ல, அதுக்குன்னு அனுமதி வாங்கின அரசு ஆஸ்பத்திரி, கிளினிக்ல இலவசம். 13லேர்ந்து 20 வாரம் வரைக்கும் காரணம் வேணும், டாக்டர் ஒத்துக்கணும். உங்களுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு, ஆனா அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும், அதனால போய் வாரக் கணக்கை உறுதி பண்ணிக்கிட்டு வாங்க, போனாலே கலைச்சுடணும்னு இல்ல. லைட் கம்பத்துல கலைச்சு விடறோம்னு ஒட்டியிருக்கே நம்பர், அதுக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க, அங்க காசும் போகும் உயிருக்கும் ஆபத்து. தத்து குடுக்கறதும் ஒரு வழி, சட்டப்படி பிள்ளையைக் குடுக்கறதுக்குன்னு காசு வாங்கக் கூடாது, தாய் கையெழுத்து போட்டப்புறமும் 60 நாளைக்குள்ள மனசு மாறலாம்.

கஸினோட பாலிசிக்கு வர்றேன். கடன்ல இருக்கறவங்க இன்னும் பொறக்காத பிள்ளைக்கு எஜுகேஷன் பாலிசி போட்டா கமிஷன் வர்றவருக்குதான் லாபம், பாலிசில உங்களுக்கு கிடைக்கிறதை விட லோன் கடை உங்ககிட்ட எடுக்கறது பல மடங்கு. ஹாஸ்பிடல் கேஷ் பிளான்னா படுத்த நாளுக்கு இவ்ளோன்னு குடுக்கற இன்ஷூரன்ஸ், அது மெடிக்கல் எய்ட் (மாசாமாசம் கட்டினா வைத்தியச் செலவைப் பார்த்துக்கற திட்டம்) ஆகாது. மெடிக்கல் எய்டே இப்ப சேர்ந்தாலும் ஏற்கனவே இருக்கற கர்ப்பத்துக்கு 12 மாசம் காக்க வைக்க அவங்களுக்கு உரிமை உண்டு, அதுக்குள்ள பிள்ளை பொறந்துடும். மெடிக்கல் எய்ட் இல்லாத உங்களுக்கு அரசு கிளினிக்ல செக்கப் இலவசம். கஸின்கிட்ட ஒரு வருஷம் கழிச்சு பேசலாம்னு சொல்லிடுங்க.

நாளைக்கு பேங்குக்கு ஒரு போன், கிளினிக்குக்கு ஒரு போன், ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுடுங்க. செட்டில்மென்ட் தொகை வந்ததும் எனக்கு எழுதுங்கம்மா, வண்டியை என்ன விலைக்கு கீழ விக்கக் கூடாதுன்னு சேர்ந்து பார்ப்போம்.