வாசகர் கேள்வி – பதில்: தேவசாயல் எங்கே இருக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றியவன். பேச்சு வராது, என்னைப் பார்த்தால் சிரிப்பான், அவ்வளவுதான். எங்கள் சபையில் சென்ற மாதம் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தைப் பிரசங்கித்த போதகர், பகுத்தறிவும் மனச்சாட்சியும் நன்மை தீமையைத் தெரிந்தெடுக்கும் சுயாதீனமுமே மனிதனில் உள்ள தேவசாயல், மிருகங்களுக்கு இவை இல்லை என்றார். அப்படியானால் என் மகனிடம் தேவசாயல் இல்லையா? இதை இங்கே யாரிடமும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: இருக்கிறது, சகோதரி. ஏன் என்பதைப் பிறகு விளக்குகிறேன். இந்த ஒரு சொல்லைக் கேட்காதவரை நான் எழுதும் வேறு எதுவும் உங்கள் மனத்தில் இறங்காது.

உங்கள் போதகர் சொன்னது அவராகக் கண்டுபிடித்ததன்று. மனிதனைப் பகுத்தறிவுள்ள உயிர் என்று கிரேக்கத் தத்துவம் வரையறுத்திருந்தது. அந்தக் கல்வியில் வளர்ந்த திருச்சபைப் பிதாக்கள் பலர் தேவசாயலையும் அறிவிலேயே தேடினார்கள். நினைவு, அறிவு, சித்தம் ஆகிய மூன்றும் ஒரே மனத்தில் இயங்குவதைத் திரியேக தேவனின் சாயலாக அந்தப் பிதாக்களுள் ஒருவரான அகுஸ்தீன் எடுத்துக்காட்டினார். ஆழமான சிந்தனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் “நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக” என்னும் ஆதியாகமம் 1:26 மனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாயல் மனிதனுக்குள் எந்த ஆற்றலில் தங்கியிருக்கிறது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அது பின்னால் வந்தவர்கள் கேட்ட கேள்வி.

அங்கே ‘சாயல்’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் எபிரெயச் சொல் ‘செலெம்’. தமிழில் சாயல் என்றவுடன் ‘அப்படியே அப்பா சாயல்’ என்று நாம் சொல்லும் முகஜாடைதான் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியமோ அச்சொல்லுக்கு மென்மை என்று பொருள் சொல்கிறது. செலெம் அவ்வளவு மென்மையான சொல் அன்று. பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்பியபோது செய்து வைத்த பொன் எலிகளும் செலெம்தான் (1 சாமுவேல் 6). இஸ்ரவேலர் அழிக்கும்படி கட்டளை பெற்ற கானானியரின் வார்ப்பு விக்கிரகங்களும் செலெம்தான் (எண்ணாகமம் 33:52). செதுக்கியோ வார்த்தோ ஓரிடத்தில் நிறுத்தப்படும் உருவத்தைக் குறிக்கும் சொல் இது. 1979-இல் வட சிரியாவில் தெல் பெகெரியே என்னுமிடத்தில் ஏறத்தாழ 2,800 ஆண்டுப் பழமையுள்ள ஓர் ஆட்சியாளரின் சிலை கிடைத்தது. அசீரியத்திலும் அரமேயத்திலும் எழுத்துப் பொறிக்கப்பட்ட அச்சிலையின் அரமேயப் பகுதி, ஆதியாகமத்தில் சாயல், ரூபம் என்று வரும் இரண்டு சொற்களுக்கும் இனமான சொற்களைக் கொண்டு அந்தச் சிலையையே குறிப்பிடுகிறது. சாயல் வேறு, ரூபம் வேறு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் தத்துவம் கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தச் சிலையைப் பார்த்தபின் அதை வற்புறுத்துவது கடினம்.

அக்காலத்து அரசர்கள் தாங்கள் வென்ற நாடுகளிலும் எல்லைகளிலும் தங்கள் உருவத்தைப் பொறித்து நிறுத்தினார்கள். அரசன் அங்கே இல்லாவிட்டாலும் அந்த நிலம் யாருடையது என்பதை அது அறிவித்தது. அரசர்களையே தெய்வத்தின் சாயல் என்று அழைக்கும் வழக்கமும் இருந்தது; எகிப்திய அரசன் துட்டன்காமுன் என்ற பெயருக்கே ‘ஆமோன் தெய்வத்தின் உயிருள்ள சாயல்’ என்பதுதான் பொருள். அரியணையில் அமர்ந்தவனுக்கு மட்டும் உரியதாயிருந்த அந்தப் பட்டத்தை ஆதியாகமம் எடுத்து, “ஆணும் பெண்ணுமாக” என்று சொல்லி, மனிதர் எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறது. இன்ன தகுதி இருந்தால் என்ற நிபந்தனை அதனுடன் வரவில்லை.

இங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு ஒரு நுட்பத்தைக் காத்து வைத்திருக்கிறது. “சாயலில்” என்று எழுதாமல் “சாயலாக” என்று எழுதியிருக்கிறார்கள். எபிரெயத்தில் உள்ள முன்னொட்டை இரண்டு வகையாகவும் கொள்ளலாம் என்றாலும், ‘ஆக’ என்று கொள்வதே இந்த இடத்துக்குப் பொருந்தும் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. நானும் அவர்கள் பக்கமே. ஒருவனைத் தூதனாக அனுப்புகிறோம் என்றால், தூது என்பது அவனுடைய உடலிலோ மூளையிலோ உள்ள ஒரு பகுதி அன்று. அனுப்பியவர் அவனுக்குத் தந்த நிலை அது. மனிதனுக்குள் தேவசாயல் என்று ஒன்று வைக்கப்படவில்லை. மனிதனே தேவசாயலாக வைக்கப்பட்டிருக்கிறான்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். சாயலைப் பற்றிச் சொன்ன வசனமே பூமியை ‘ஆளக்கடவர்கள்’ என்றும் சொல்கிறதே, ஆள இயலாதவர் நிலை என்ன என்று கேட்கலாம். சாயல் என்பது ஆளும் பணியே என்று மட்டும் விளக்குகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுவார்கள். பகுத்தறிவு இருந்த இடத்தில் திறமையை வைத்துவிட்டார்களே தவிர, உங்கள் மகன் முன்போலவே வெளியில்தான் நிற்கிறான். வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாயலாக உண்டாக்கப்படுகிறார்கள்; ஆளும் பொறுப்பு அதன் பின்னர் வருகிறது. பொறுப்பை நிறைவேற்றியதற்குப் பரிசாகச் சாயல் கொடுக்கப்படவில்லை.

சாயல் என்பது நிலை என்பதைப் படிப்பறியாத ஒரு துறவி ஒரு பேரரசனுக்கே உணர்த்திய வரலாறு ஒன்று உண்டு. கி.பி. 387-இல் அந்தியோகியா நகரத்தார் புதிய வரி ஒன்றை எதிர்த்துக் கலகம் செய்து, உரோமப் பேரரசன் தியோதோசியுவின் சிலையையும் இறந்துபோன அவன் மனைவியின் சிலையையும் கவிழ்த்துத் தெருவில் இழுத்தார்கள். அரசனுடைய சாயலை அவமதிப்பது அரசனையே அவமதிப்பது என்பது அன்றைய சட்டம் மட்டுமன்று, எல்லாருடைய உணர்வும்கூட. நகரமே அழிக்கப்படும் என்று மக்கள் நடுங்கினார்கள். அந்நகரத்துக் குருவான யோவான் கிறிசோஸ்தோம் நாள்தோறும் ஆலயத்தில் பேசி அவர்களைத் தேற்ற, ஆயர் பிளாவியான் முதுமையையும் பொருட்படுத்தாமல் மன்னிப்புக் கேட்கத் தலைநகருக்குப் புறப்பட்டார். தண்டனையை நிறைவேற்ற அரசனின் அதிகாரிகள் இருவர் குதிரையில் வந்தபோது, மலையிலிருந்து இறங்கிவந்த மக்கெதோனியு என்னும் கந்தலுடைத் துறவி, அந்த அதிகாரிகளில் ஒருவருடைய மேலாடையைப் பிடித்து நிறுத்தி, இருவரையும் குதிரையைவிட்டு இறங்கச் சொன்னார். அவர் யாரென்று தெரிந்ததும் அவர்கள் இறங்கினார்கள். அவர் சிரியாக் மொழியில் பேசியதை மற்றொருவர் கிரேக்கத்தில் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இது: நீயும் மனிதன் என்று அரசனிடம் சொல்லுங்கள், வெண்கலச் சாயல் ஒன்று விழுந்ததற்காகத் தேவனுடைய உயிருள்ள சாயலை அழிக்கப் பார்க்கிறாய், ஒரு சிலைக்குப் பதிலாகப் பல சிலைகளை எங்களால் செய்து தர முடியும், நீ கொல்லுகிறவர்களுடைய ஒரு தலைமயிரையாவது உன்னால் மறுபடியும் உண்டாக்க முடியுமா?

இதை எழுதிவைத்தவர் திருச்சபை வரலாற்றாசிரியர் தியோதொரேத்து; பிள்ளையில்லாத அவருடைய பெற்றோருக்காக மக்கெதோனியு செய்த ஜெபத்தின் பயனாகப் பிறந்தவர் அவர். நகரம் மன்னிக்கப்பட்டது. (அதே அரசன் மூன்று ஆண்டுகள் கழித்துத் தெசலோனிக்கேயாவில் ஆயிரக்கணக்கானோரை வெட்டவைத்தான் என்பதையும் மறைப்பதற்கில்லை.) மக்கெதோனியு அந்தியோகியரின் அறிவையோ ஒழுக்கத்தையோ எடுத்துக்காட்டி வாதாடவில்லை என்பதைப் பாருங்கள். அவர்கள் குற்றவாளிகள், அவருக்கும் அது தெரியும். கவிழ்ந்து கிடந்த வெண்கலத்துக்கும் பகுத்தறிவு இருக்கவில்லை. ஆனாலும் அது அரசனுடைய சாயலாகவே கருதப்பட்டது, காரணம் அதை நிறுத்தியவன் யார் என்பதே.

உங்கள் மகனைச் சாயலாக வைத்தவர் தேவன். அவன் பேசாததால் அது குறையவில்லை. அவனை ஒருவர் ஏளனமாக நடத்தினால் அந்த ஏளனம் யாரைச் சேருகிறது என்பதை “தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்ட மனுஷரை” அதே நாவினால் சபிக்கிறோமே என்று வருந்தும் யாக்கோபு 3:9 சொல்கிறது. போதகரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். யோசிக்காமல் சொன்னவராகத்தான் இருப்பார். மனம் கடினமானவராக இருக்கவேண்டிய அவசியமில்லை.

கேள்வி: “தேவன் ஆவியாயிருக்கிறார்” என்கிறது யோவான் 4:24. நாம் அவருடைய சாயல் என்றால், அவருக்கும் முகமும் கைகால்களும் உண்டு என்று பொருளாகாதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆகாது. ஆனால் இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள் அல்லர். கி.பி. 399-இல் அலெக்சாந்திரியா ஆயர் தியோபிலு, கடவுளுக்கு மனித உருவம் இல்லை என்று தம் ஆண்டுத் திருமடலில் எழுதியபோது, எகிப்தின் பாலைவனத் துறவிகளிடையே பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. செராப்பியோன் என்ற வயது முதிர்ந்த துறவி பிறர் விளக்கியதைக் கேட்டு ஒப்புக்கொண்டாராம். ஆனால் எல்லாரும் ஜெபத்துக்கு எழுந்தபோது, தாம் இதுவரை மனக்கண்ணில் பார்த்துப் பேசிவந்த உருவம் மறைந்துபோயிற்றே என்று தரையில் விழுந்து, என் கடவுளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்களே, இனி யாரைப் பற்றிக்கொள்வேன் என்று அழுதாராம். இதைப் பதிவு செய்த யோவான் காசியான் அவரைத் தவறானவராகவே காட்டுகிறார். எனக்கோ அந்த அழுகையைப் படிக்கும்போது ஏளனம் தோன்றுவதில்லை.

ஓரேபிலே கர்த்தர் பேசின நாளில் நீங்கள் ஒரு ரூபத்தையும் காணவில்லை என்று உபாகமம் 4 இஸ்ரவேலருக்கு நினைவூட்டுகிறது. தேவன் உருவமற்றவர். ஆயினும் இதிலிருந்து சாயல் ஆத்துமாவுக்கு மட்டும் உரியது, உடலுக்கு அதில் பங்கில்லை என்று முடிவு செய்வதும் பிழை. யூத ரபீக்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். குளிக்கப் போய்க்கொண்டிருந்த ஹில்லேல் என்ற ரபீயிடம் எங்கே போகிறீர்கள் என்று சீடர்கள் கேட்டபோது, ஒரு நற்செயலைச் செய்யப் போகிறேன் என்றார். குளிப்பது நற்செயலா என்று அவர்கள் வியக்க, அரங்குகளில் நிற்கும் அரசனின் சிலைகளைத் தேய்த்துக் கழுவுகிறவனுக்குக் கூலியும் மதிப்பும் கிடைக்கின்றன, தேவசாயலாக உண்டாக்கப்பட்ட நான் என்னைக் கழுவுவது அதற்குக் குறைந்ததா என்றாராம்.

கேள்வி: ஆதாம் பாவம் செய்தபோதே தேவசாயலை இழந்துவிட்டோம் என்கிறார்களே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. ஜலப்பிரளயத்துக்குப் பின், மனிதனுடைய அக்கிரமத்தைக் கண்டு உலகமே அழிக்கப்பட்டதற்குப் பின், “மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டபடியால்” அவனுடைய இரத்தத்தைச் சிந்தக்கூடாது என்ற கட்டளை நோவாவுக்குக் கொடுக்கப்படுகிறது (ஆதியாகமம் 9:6). சாயல் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் அந்தக் காரணத்துக்குப் பொருளே இல்லை. இழந்துவிட்டோம் என்று சீர்திருத்தவாதி லூத்தர் போன்றோர் அழுத்திச் சொன்னது, ஆதியில் இருந்த நீதியையும் பரிசுத்தத்தையும் மனத்தில் வைத்தே. அவற்றை நாம் இழந்தது உண்மை. கொலோசெயர் 3:10, நம்மைச் சிருஷ்டித்தவருடைய சாயலுக்கொப்பாய் நாம் புதிதாக்கப்படுகிறோம் என்கிறது. அதே நிருபத்தின் முதல் அதிகாரம் கிறிஸ்துவை “அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம்” என்கிறது. சாயலாக வைக்கப்பட்டவன் அந்த நிலைக்கேற்ப வாழவில்லை என்பதே நம் நிலைமை. பதவியிலிருந்து நீக்கப்பட்டோம் என்பதற்கு வசனம் இல்லை.

கேள்வி: புருஷன் தேவனுடைய சாயல், ஸ்திரீயோ புருஷனுடைய மகிமை என்று 1 கொரிந்தியர் 11:7 சொல்கிறதே. பெண்கள் தேவசாயல் இல்லையா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அந்த வசனத்தை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். ஆணைச் “சாயலும் மகிமையும்” என்று சொன்ன பவுல், பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது ‘மகிமை’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, ‘சாயல்’ என்பதை விட்டுவிடுகிறார். அவள் புருஷனுடைய சாயல் என்று அவர் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ஆதியாகமம் 1:27-ஐ நன்கு அறிந்தவர் அப்படி எழுத முடியாது. முக்காட்டைப் பற்றிய அந்தப் பகுதியில், ஆணும் பெண்ணும் ஒருவரில்லாமல் ஒருவர் இல்லை என்று சொல்லும் 11, 12-ஆம் வசனங்களையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் எங்கே வந்து நிற்கிறார் என்பது தெரியும். ஏழாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டு பெண்களுக்குப் புத்தி சொல்ல வருகிறவரிடம் அந்த இரண்டையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.