மொட்டை மாடியில் மர டெக்: யாரிடம் அனுமதி, கட்டலாமா?

கேள்வி: சென்னையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அபார்ட்மென்ட்டில் மேல்தளத்தில் இருக்கிறோம். மாடியில் 300 சதுர அடிக்கு மரத்தளம் போட்டு, மேலே ஷீட் கூரையும் போட ஆசை. மாடி உரிமை எங்களுக்கே என்று பில்டர் பத்திரத்தில் எழுதியிருக்கிறார். அது போதாதா?

பதில்: போதாது. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டம் மொட்டை மாடியைப் பொது இடம் என்றே வரையறுக்கிறது. உங்கள் கட்டடம் அதற்கும் பழையது என்றால், பத்திரத்தையும் அங்கீகரிக்கப்பட்ட பிளானையும் வக்கீலிடம் காட்டுங்கள். எப்படி இருந்தாலும் சங்கத்தின் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, மினிட்ஸ் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் வாய்வார்த்தையாகச் சரி என்றதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். நாளைக்கே பக்கத்து வீடு கை மாறினால், புதிதாக வருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஷீட் கூரை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கூரை வந்துவிட்டால் அது கூடுதல் கட்டுமானம். கட்டடத்துக்குப் பிளான் அப்ரூவல் தந்த அலுவலகத்திலேயே மறுபடி அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் போட்டால் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். எடுத்து மாற்றக்கூடிய திறந்த மரத்தளத்தில் இந்தத் தலைவலி குறைவு. அதற்கும் ஒரு கடிதம் கொடுத்துப் பதில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது எடை. ஆட்கள் போய்வரும் மாடிக்கு இந்தியத் தர விதிப்படி எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. பலகையும் அலுமினியச் சட்டமும் பெரிய சுமையல்ல. செடிப் படுகைதான் ஆபத்து: அரை அடி ஈர மண்ணே சதுர அடிக்கு 25 கிலோவைத் தாண்டும். பிறந்தநாள் விருந்துக்கு நாற்பது பேர் ஒரே மூலையில் கூடினாலும் அதே கதை. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வரவழைத்து, பீம் எங்கே போகிறது என்று பார்த்து எழுத்தில் சான்று வாங்குங்கள். மேஸ்திரி காலால் தட்டிப் பார்த்து "தாங்கும் சார்" என்பது சான்று ஆகாது.

ஸ்லாபில் டிரில் போட விடவே விடாதீர்கள். தட்டோட்டையும் அதன் கீழுள்ள செங்கல் ஜல்லிக் கலவையையும் துளைத்தால், ஐப்பசி மழையில் உங்கள் படுக்கையறைச் சுவரே ஓதம் காத்துவிடும். அலுமினியச் சட்டத்தை ரப்பர் பட்டை வைத்த தாங்கிகள் மேல் நிறுத்துங்கள். மழைநீர் போகும் வாய்க்கு மேலுள்ள பலகைகள் மட்டும் கையால் தூக்கும்படி இருக்கட்டும். வேப்பஞ்சருகு அங்கேதான் போய் அடைக்கும். மேலே நிற்பவருக்குத் தெரியாது, அடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். தண்ணீர்த் தொட்டி வால்வுக்கும் வழி விடுங்கள். மாடிக் கதவைப் பூட்டவே கூடாது. தீ விபத்து என்றால் எல்லோரும் ஓடி வரும் இடம் அது.

இன்னொன்று, பலரும் மறப்பது: தளம் அரை அடி உயர்ந்தால் கைப்பிடிச் சுவர் அரை அடி குறையும். புதுத் தளத்திலிருந்து அளந்து மூன்றரை அடியாவது இருக்கட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பலகைக்கு முன்பணம் கொடுக்கும் முன், வடிகால் வாய்களை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திக் கீழே கூரையைப் பாருங்கள். ஈரத்திட்டு தெரிந்தால் முதலில் வாட்டர்ப்ரூஃபிங், அப்புறம் டெக். திட்டு இல்லை என்றால் தேதியோடு போட்டோ எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.