அந்தச் சத்தியத்தைத் திரும்பப் பெறுங்கள்

கேள்வி: கம்பமெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கிறேன். வெயில் ஏறினால் உடல் சிவந்து அரித்து, தலைசுற்றும். ஒருமுறை தேனீ கொட்டி நினைவிழந்தேன். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்து, ஒவ்வாமையைத் தூண்டும் மாஸ்ட் செல்கள் உடலில் அளவுக்கு மீறிப் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் நோய் என்றார்கள். மாமியார் பாசாங்கு என்கிறார். வேலையை விடலாமா? மயங்கி விழுந்தால் உடனே போடும்படி மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசி வீட்டில் இருக்குமிடம் என் 11 வயது மகளுக்கு மட்டுமே தெரியும். தங்கையின் சம்பந்தம் முடியும்வரை அப்பாவிடம்கூடச் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். — கம்பம் வாசகி

பதில்: வேலையைவிட அந்தச் சத்தியம்தான் என்னைக் கலங்க வைக்கிறது. நீங்கள் சாய்ந்து கிடக்கும்போது மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியை (ஆம்பியூல்) உடைத்து, மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் பொறுப்பை ஒரு குழந்தையிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவள் கை நடுங்கி உங்களுக்கு ஏதேனும் ஆகிவிட்டால், அந்தப் பழியை ஆயுள் முழுவதும் தன்மேல் போட்டுக்கொள்வாளே, அதை யோசித்தீர்களா? தாயைக் காப்பது தகப்பனின் கடமை. அதை மகளுக்கு மாற்றிக்கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை.

தங்கைக்காக மறைத்ததாகச் சொல்கிறீர்கள். பெரியவர்களுக்கு வரும் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம், பிறந்த பிறகு உடலின் சில செல்களில் மட்டும் கிட் என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றம். வழிவழியாக வருவது மிக அரிது. இதை உங்கள் மருத்துவர் வாயாலேயே இரு வீட்டாரும் கேட்கட்டும். கேட்ட பின்னும் விலகும் சம்பந்தம் விலகட்டும். மாமியாரையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். பெயரையே சொல்லாத நோயை அவர் எப்படி நம்புவார்? மாஸ்ட் செல்கள் தேவையில்லாமல் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டிவிடுவதால்தான் உடல் சிவப்பதும் இரத்த அழுத்தம் சரிவதும் என்று அவருக்கும் விளங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஏலப்பூ காயாவதே தேனீயால்தான். தேனீ தோட்டத்தில் இருக்க, ஊசி வீட்டில் இருந்து என்ன பயன்? அது எப்போதும் உங்கள் பையில் இருக்க வேண்டும். கங்காணிக்கும் உடன் வேலை செய்யும் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மயக்கம் வந்தால் உட்கார வைக்காமல் படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஊசி போட்ட பிறகும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலி மாத்திரைகளில் சில இந்நோயைக் கிளறிவிடும். கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

பூக்கும் பருவத்தில் தோட்டத்துக்குப் போகாதீர்கள். காய் தரம் பிரிக்கும் வேலை கிடைக்குமா என்று பாருங்கள். அதற்கு முன், இன்றிரவே கணவரை உட்கார வைத்து, மகள் கேட்கும்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது ஊசி போடக் கற்றுக்கொள்ள அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.