பழைய ராணுவ ரைஃபிள்கள்: கேள்வி பதில்

பழைய ராணுவ ரைஃபிள் வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். உரிமம் பற்றிக் கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான். அது நாட்டுக்கு நாடு மாறும், அதில் என் பேச்சை நம்பாமல் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். மற்ற கேள்விகளெல்லாம் இரும்பையும் மரத்தையும் பற்றியவை.

கேள்வி: அண்ணா, முதல் தடவையாக மோசின்-நாகன் என்ற பழைய ரஷ்ய ரைஃபிள் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: மரத்தின் பளபளப்பில் மயங்காதே தம்பி. போல்ட்டை, அதாவது பேரலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தாழ்ப்பாளை, கழற்றி வைத்துவிட்டு பேரலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார். உள்ளே சுருள் வரிகள் கூர்மையாக நிற்கின்றனவா என்பதுதான் விஷயம். கறுத்துப்போயிருப்பது அவ்வளவு பெரிய குறை இல்லை. வரிகள் ஆழமாக இருந்தால் கறுத்த பேரலும் ஒழுங்காகச் சுடும்.

அதைவிட முக்கியம் பேரலின் வாய். சிப்பாய்கள் எஃகுக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டுத்தான் வருஷக்கணக்கில் துடைத்தார்கள். கம்பி உரசி உரசி அந்த இடம் மட்டும் அகன்றிருக்கும். மருந்து இல்லாத டம்மி தோட்டா ஒன்றைக் கையோடு எடுத்துப் போ. அதன் குண்டை வாயில் செருகினால் குண்டில் கொஞ்சம் வெளியே தெரிய நிற்க வேண்டும். தோட்டாவின் கழுத்து வரை வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் வாய் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சோவியத் பட்டறைகளில் தேய்ந்த வாயை அகலமாகக் குடைந்துவிட்டு, நல்ல வரிகள் தொடங்கும் இடத்தையே புது வாயாக ஆக்கினார்கள். அதில் குண்டு முழுசாக உள்ளே போகும். அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் வேண்டாம் என்று திரும்பி வந்துவிடாதே. என்னிடம் இருப்பதிலேயே குண்டுகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழும் மோசின் அப்படிக் குடைந்த ஒன்றுதான்.

கேள்வி: என் மோசினில் எண்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. அப்படியென்றால் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று சொல்லலாமா?

பதில்: பெரும்பாலும் சொல்ல முடியாது சார். போருக்குப் பிறகு லட்சக்கணக்கில் பிரித்துச் சீர்செய்தார்கள். கைக்குக் கிடைத்த பாகங்களைச் சேர்த்துவிட்டு, போல்ட்டின் பழைய எண்ணை அடித்துப் புது எண் பொறித்தார்கள். எண்ணின் எழுத்து வடிவம் பேரலில் ஒரு மாதிரி, போல்ட்டில் வேறு மாதிரி இருக்கிறதா பாருங்கள். சுடுவதற்கு இதனால் ஒரு பாதகமும் இல்லை.

கேள்வி: பெட்டியிலிருந்து எடுத்தேன், முழுக்க பிசுபிசுவென்று பழுப்பு மசகு. மண்ணெண்ணெயில் முக்கினால் போதுமா?

பதில்: அது காஸ்மோலின். பெட்ரோலியத்திலிருந்து வரும் துருக்காப்பு மெழுகு. இரும்புக்கு மண்ணெண்ணெய் போதும். சின்னப் பாகங்களைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும். எடுத்தவுடன் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். போல்ட்டுக்குள் இருக்கும் சுருள்வில்லையும் ஊசியையும் மறந்துவிடாதீர்கள். அங்கே மெழுகு இறுகியிருந்தால் ஊசி மந்தமாக அடிக்கும், பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெடிக்காது. உடனே எல்லோரும் தோட்டாவைத்தான் திட்டுவார்கள்.

மரத்துக்கு அவசரம் கூடாது. கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் வைத்தால் ஊறியிருக்கும் மெழுகு வியர்வை மாதிரி வெளியே வரும். துடைப்பது, மறுபடி வைப்பது என்று நாலைந்து நாள் ஓடும்.

கேள்வி: சுட்ட பிறகு போல்ட் திறக்கவே மாட்டேன் என்கிறது. உள்ளங்கையால் குத்த வேண்டியிருக்கிறது. மோசின் என்றால் இப்படித்தானா?

பதில்: இப்படித்தான் என்று நானும் நம்பி, ரப்பர் சுத்தியலைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அது ரைஃபிளின் சுபாவம் இல்லை, அழுக்கு.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சேம்பர் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலியாக இருக்கும்போதும் போல்ட்டைத் தூக்க கஷ்டமாக இருக்கிறதா? அப்படியென்றால் கோளாறு போல்ட்டின் உரசும் பரப்புகளில் இருக்கிறது. காலியாக இருக்கும்போது லேசாகவும், சுட்ட பிறகு மட்டும் இறுக்கமாகவும் இருந்தால் கோளாறு சேம்பரில். பல வருஷ காஸ்மோலின் சேம்பர் சுவரில் வார்னிஷ் போல இறுகியிருக்கும். சூட்டில் அது இளகித் தோட்டாவின் கூட்டோடு ஒட்டும். முதல் பத்து ரவுண்டு சுகமாகப் போய்விட்டு, பேரல் சூடானதும் போல்ட் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

சேம்பருக்குப் பொருந்துகிற பித்தளை பிரஷ், கரைப்பான், பொறுமை. இவ்வளவுதான் மருந்து. பின்பக்கமிருந்து விட்டுச் சுழற்றித் தேயுங்கள், வெள்ளைத் துணி பழுப்பாக வருவது நிற்கும் வரை. உப்புத்தாள் மட்டும் போடவே வேண்டாம். சேம்பரை ஒருமுறை பெரிதாக்கிவிட்டால் திரும்பச் சின்னதாக்க முடியாது.

கேள்வி: பழைய ராணுவத் தோட்டா சுட்டால் பேரல் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும் என்கிறார்களே, அது மருந்தில் இருக்கும் அமிலத்தாலா?

பதில்: அமிலம் இல்லை, உப்பு. பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிறது. சமையல் உப்புக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பேரலுக்குள் படிந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும்.

உப்பு எண்ணெயில் கரையாது. சுட்டு முடித்துவிட்டு எண்ணெய் மட்டும் பூசி வைப்பவர், உப்பை எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக மூடி வைக்கிறார். தண்ணீர்தான் வேண்டும். வெந்நீராக இருந்தால் சீக்கிரம் காயும், அவ்வளவே. ஜன்னல் துடைக்கிற அம்மோனியா திரவம்தான் உப்பை முறிக்கும் என்பது கதை. அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான். வீட்டுக்குப் போகும் முன்பே பேரலில் ஈரத்துணி நாலைந்து விட்டு எடுங்கள். போல்ட்டின் முகத்தையும் துடையுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு உலர்ந்த துணி, அதற்குப் பிறகு எண்ணெய். மருந்து எரியும் வாயுவின் அழுத்தத்தில் இயங்கும் ரைஃபிளாக இருந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இதே வைத்தியம்.

எந்தத் தோட்டாவில் உப்பு இருக்கிறது என்று தெரியாவிட்டால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கேள்வி: ஸ்டாக்கை (மரக்கட்டையை) குட்டையாக்கி, பேரலையும் வெட்டி, மேலே துளைபோட்டு ஸ்கோப் மாட்டலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: துப்பாக்கி உங்களுடையது, முடிவும் உங்களுடையது. என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன், வேண்டாம். ஒருகாலத்தில் இவை மலிந்து கிடந்தன, வேட்டைக்காரர்கள் வெட்டினார்கள், அதில் தப்பில்லை. இன்று வெட்டுகிற ஒவ்வொன்றும் மிச்சமிருப்பதிலிருந்து போகிறது. அதோடு, வெட்டிக் குடைந்து ஸ்கோப் மாட்டி முடிக்கிற செலவுக்கு ஸ்கோப்புக்கென்றே செய்த புது ரைஃபிளே கிடைத்துவிடும். அது இதைவிட நன்றாகவும் சுடும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், பிறகு கழற்றக்கூடியதை மட்டும் மாற்றுங்கள். குறிபார்க்கும் பின்சைட் இருக்கும் இடத்தில் துளை இல்லாமல் உட்காரும் மவுண்ட்கள் உண்டு. கண்ணுக்குத் தூரத்தில் வைக்கும் ஸ்கோப்புக்கு அது சரியாக வரும். அசல் ஸ்டாக்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வேறொரு ஸ்டாக் வாங்கி அதில் உங்கள் கைவரிசையைக் காட்டலாம். ஏற்கெனவே யாரோ வெட்டிப் பாழாக்கியது கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் உங்கள் இஷ்டம்போல விளையாடுங்கள், நானே வந்து துளை போட்டுத் தருகிறேன்.

கேள்வி: என் ரைஃபிள் 100 மீட்டரில் ஒரு சாண் உயரத்தில் அடிக்கிறது. பேரல் கோணலா?

பதில்: பேரலில் கோளாறு இல்லை. இவை மனிதனின் நெஞ்சளவு இலக்குக்காக, தூரத்துக்காக அமைத்த சைட்டுகள். பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டு நம்பர் 4-இன் மடக்குச் சைட்டில் குறைந்த அமைப்பே 300 கஜம். ஆரம்பகால 1891 மோசினில் அளவு மீட்டரில்கூட இல்லை, அர்ஷின் என்ற பழைய ரஷ்ய அளவில் இருக்கும். 400-இல் தொடங்கும், அதாவது சுமார் 284 மீட்டர். போதாக்குறைக்கு, 91/30 மாடல் மோசினை, முனையில் பயனெட் ஈட்டி மாட்டிய நிலையில்தான் சைட் பார்த்தார்கள். பயனெட்டைக் கழற்றினால் குண்டு விழும் இடம் பக்கவாட்டிலும் விலகும்.

உயரத்துக்கு முன்சைட்டை உயர்த்த வேண்டும். மோசினுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மெல்லிய மின்கம்பியின் மேலுறையைக் கொஞ்சம் உருவி எடுத்து, முன்சைட் முள்ளின் மேல் தொப்பி போலச் செருகுங்கள். முதலில் நீளமாக விட்டுச் சுடுங்கள், குண்டு தாழ விழும். பிளேடால் அரிசி அளவு நறுக்கி மறுபடி சுடுங்கள். குண்டு மேலேறி மேலேறிக் குறிக்கு வந்ததும் நிறுத்துங்கள். வேண்டாமென்றால் உருவிப் போட்டுவிடலாம், இரும்பில் ஒரு கீறல்கூட இருக்காது. பக்கவாட்டுக்கு, குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அதே பக்கம் முன்சைட்டை மெல்லத் தட்டுங்கள்.

கேள்வி: ஹெட்ஸ்பேஸ் கேஜ் வாங்கத்தான் வேண்டுமா? நூறு வருஷம் சுட்ட துப்பாக்கிதானே?

பதில்: ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, கேஜ் அதை அளக்கும் கட்டை. வாங்குங்கள், அல்லது விஷயம் தெரிந்த கைவினைஞரிடம் காட்டுங்கள். நூறு வருஷம் சுட்டது அந்த போல்ட்டோடா, இல்லை கடையில் யாரோ மாற்றிப் போட்ட போல்ட்டோடா என்று உங்களுக்குத் தெரியாது. லீ-என்ஃபீல்டு .303-க்கு தோட்டாவின் விளிம்பில்தான் அளவு. 0.064 அங்குல கேஜ் மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 மேல் மூடக் கூடாது. நம்பர் 4-இல் போல்ட்டின் தலை தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை எண்ணிட்டுச் செய்தார்கள், ஆகவே தளர்ந்தால் அடுத்த எண்ணைப் போட்டுச் சரிசெய்யலாம்.

ஆனால் கேஜுக்குப் பிடிபடாத ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளைப் பாருங்கள். ஆரம்ப ஆண்டுகளில் ரிசீவரை (பேரலும் போல்ட்டும் பொருந்தும் எஃகு உடலை) பழுக்கக் காய்ச்சியவர்கள் எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சூட்டை மதிப்பிட்டார்கள். நல்ல வெயில் வெளிச்சத்தில் எஃகின் சிவப்பு மங்கித் தெரியும், இன்னும் காயட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதிகம் காய்ந்த எஃகு கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் சில வெடித்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டு, முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆலையில் 285,507-க்குக் கீழும் எண் உள்ளவற்றைச் சுடாதீர்கள். எல்லாமே வெடிக்கும் என்பதில்லை. எது வெடிக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, அதுதான் சிக்கல்.

கேள்வி: இஷாப்பூர் 7.62 மாதிரி, என் .303 லீ-என்ஃபீல்டையும் 7.62 தோட்டாவுக்கு மாற்றலாமா?

பதில்: கூடாது. இஷாப்பூர் 2ஏ, 2ஏ1 இரண்டும் மாற்றியமைத்த பழைய .303 அல்ல. 1960-களில் இந்தியாவின் இஷாப்பூர் ஆலையில், கூடுதல் அழுத்தத்துக்காக வலுவான எஃகில் புதிதாகவே செய்தவை. மேகசினும் வேறு, 12 தோட்டா பிடிக்கும். வெளித்தோற்றம் அண்ணன் தம்பி போல இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: 8 மி.மீ. மவுசர் தோட்டா என்றால் எல்லா ஜெர்மன் ரைஃபிளிலும் போடலாமா?

பதில்: 1888 மாடலில் பார்க்காமல் போடாதீர்கள். முதலில் வந்த குண்டு .318 அங்குலம், 1905-இல் .323 ஆக்கினார்கள். பழைய குறுகிய பேரலில் பெரிய குண்டு போனால் அழுத்தம் எகிறும்.

கேள்வி: என் எஸ்எம்எல்இ-யின் (பழைய குட்டை லீ-என்ஃபீல்டு, நம்பர் 1 மார்க் 3) பின்கட்டை ஆடுகிறது. உள்ளே இருக்கும் நீளத் திருகு போல்ட்டை முடுக்கினால் சரியாகுமா?

பதில்: நிறுத்துங்கள், கையை எடுங்கள்! நம்பர் 1 மார்க் 3-இல் அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் சின்னத் தகட்டில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் திருப்பினால், சதுரமும் கூடவே சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். முதலில் முன்கட்டை, பிறகுதான் பின்கட்டை. நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு “டக்” சத்தத்தின் மூலம். அந்த விரிசலை ஒட்டிவிட்டேன், ஆனால் இன்றும் விரல் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

கேள்வி: மரத்தில் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: தேய்த்தால் மரத்தில் குத்திய ஆய்வு முத்திரைகளும் போய்விடும். பள்ளத்தின் மேல் ஈரத்துணி வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் தொடுங்கள். ஆவி உள்ளே போய், அமுங்கிய நார்கள் எழும்பி வரும். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகக் கையால் தேய்த்து ஊற விடுங்கள். எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

கேள்வி: டிரிகர் இழுத்தேன், “டிக்” என்றது, வெடிக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: குறியை நோக்கிப் பிடித்தபடியே ஒரு நிமிஷம் அசையாமல் இருங்கள். பழைய தோட்டா தாமதமாகவும் வெடிக்கும். உடனே போல்ட்டைத் திறந்தால் முகத்துக்கு முன்னால் வெடிக்கலாம்.

கேள்வி: அமெரிக்க எம்1 கேரண்ட் ரைஃபிளில் கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 8 தோட்டாக் கிளிப்பை அழுத்தி உள்ளே தள்ளும்போது, உள்ளங்கையின் ஓரத்தால் ஹேண்டிலைத் தடுத்துப் பிடியுங்கள், கட்டைவிரலை விருட்டென்று எடுங்கள். தோட்டா விஷயத்தில் இன்னொன்று. கனமான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் உள்ள வேட்டைத் தோட்டாவை அதில் போட்டால், இயக்கும் கம்பி வளைந்துபோகும்.

கேள்வி: என் சுவிஸ் கே31 ரைஃபிள் கட்டையின் பின்தகட்டைக் கழற்றினேன். உள்ளே மடித்த சின்னச் சீட்டு ஒன்று, அதில் யாரோ ஒருவர் பெயர். இது என்ன?

பதில்: அந்த ரைஃபிளைக் கையில் வைத்திருந்த சிப்பாயின் அடையாளச் சீட்டு. சில துப்பாக்கிகளில்தான் மிஞ்சியிருக்கும், உங்களுக்கு அதிர்ஷ்டம். ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். பிறகு இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து, தகட்டை மாட்டிவிடுங்கள். அந்த ஸ்க்ரூக்களின் காடி அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், நழுவினால் தகட்டில் கீறல் விழும்.